முதுகுல பட்ட காயம், உள்ள தங்கின மண்ணு

நம்ம உடம்புல நாமே பார்க்க முடியாத இடம் முதுகு. கையில் அரிவாள் பட்டால் எவ்வளவு ஆழம் என்று நாமே பார்த்துக்கொள்கிறோம். காலில் முள் ஏறினால் உட்கார்ந்து பிடுங்கிக்கொள்கிறோம். முதுகில் பட்டால் மட்டும் அடுத்தவர் கண்ணைத்தான் நம்பணும். அந்த அடுத்தவர் பெரும்பாலும் ரத்தத்தைப் பார்த்துப் பதறி, ஒரு கை மஞ்சத்தூளையோ காப்பித்தூளையோ அள்ளி அப்பிவிட்டு, துண்டால் இறுக்கிக் கட்டி வண்டியில் ஏத்திவிடுவார். உள்ளே போன மண்ணும் கல்லும் முள்ளும் அந்தக் கட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.

மண் தங்கிய காயத்தை என்ன செய்யணும் என்பதை மனுசன் கத்துக்கிட்ட கதை ரொம்ப நீளமானது. அதைச் சுருக்கினால் மூணே வார்த்தைதான். பாரு, கழுவு, எழுது. முதல் ரெண்டையும் கத்துக்க உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. மூணாவதை நம்ம பக்கம் இன்னும் யாரும் பெருசா எடுத்துக்கறதில்லை. விவசாயம் பண்றவங்களுக்கு அந்த மூணாவதும் முக்கியம்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

பார்க்கத் தெரியாமல் போன ஒரு உயிர்

ஜேம்ஸ் கார்ஃபீல்டு அமெரிக்காவின் 20வது ஜனாதிபதி. ஒஹையோ மாநிலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் 1831ல் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, அம்மா அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். நம்ம மாதிரி விவசாயக் குடும்பம்தான்.

1881 ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அவரைப் பின்னாலிருந்து சுட்டார்கள். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகின் வலது பக்கம் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. தண்டுவடத்திலும் படவில்லை, பெரிய ரத்தக் குழாயிலும் படவில்லை. பின்னாளில் மருத்துவர்கள் பலர் சொன்னது, அந்தக் குண்டை அப்படியே விட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம் என்பதுதான்.

ஆனால் விடவில்லை. குண்டு எங்கே என்று தேட, கழுவாத விரலையும் கழுவாத கம்பியையும் முதுகுக்குள் விட்டுத் துழாவினார்கள். ரயில் நிலையத் தரையில் கிடந்தபோதே ஆரம்பித்த வேலை, வாரக்கணக்கில் நடந்தது. காயத்துக்குள் கிருமி போகாமல் பார்த்துக்கொள்ளணும் என்று ஜோசப் லிஸ்டர் 1867லேயே எழுதிவிட்டார். அமெரிக்க மருத்துவர்களில் பலர் அதை அப்போது நம்பவில்லை.

டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்க அவசர அவசரமாக ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். ரெண்டு முறை பார்த்தும் பலன் இல்லை. மெத்தைக்குள் இருந்த உலோகச் சுருள்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்கு மனசுல தைக்கிறது. குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் முடிவு பண்ணிவிட்டதால், வலது பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம், கணையத்துக்குப் பின்னால் இருந்தது.

அதற்குள் மருத்துவர்களின் விரல் போட்ட பாதை நீண்ட சீழ்க்குழியாகிவிட்டிருந்தது. நம்ம ஊரில் "மேல ஆறி உள்ள புரையோடிப் போச்சு" என்போமே, அதேதான். 79 நாள் கிடந்து, செப்டம்பர் 19ஆம் தேதி இறந்துபோனார். 14 வருசம் கழித்து, 1895ல், ஜெர்மனியில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். முதல் உலகப் போர் வந்தபோது மேரி கியூரி எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுபோனார். விரலை விடாமலே உள்ளே பார்க்க வழி பிறந்தது.

எக்ஸ்ரே வந்துவிட்டதால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் இல்லை. கல், உலோகம் தெரியும். கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரச்சிலும்பும் முள்ளும் தெரியாது. நம்ம காட்டில் முதுகில் ஏறுவது எது? சீமைக்கருவேல முள், மூங்கில் சிலும்பு, பனங்கருக்கு. எல்லாம் எக்ஸ்ரேக்குச் சிக்காத ஜாதி. இதற்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான் உதவும். ஆகவே "முள்ளு மேல விழுந்தேன்" என்று டாக்டரிடம் வாயால் சொல்வது, எந்த மெஷினையும் விடப் பெரிய விசயம்.

எங்க ஊரில் ஒருத்தர் டிரெய்லரிலிருந்து தவறி, கப்பி ரோட்டு ஓரம் கிடந்த வெட்டின கருவேலங்கிளை மேல் மல்லாக்க விழுந்தார். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அன்றைக்கே தையல் போட்டு அனுப்பினார்கள். மூணு வாரத்தில் தையலுக்குக் கீழே வீங்கிச் சீழ் கட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால், சுண்டுவிரல் நீளத்துக்கு முள், கூடவே சரளைக்கல். எக்ஸ்ரே எடுத்திருந்தால் கல்லாவது தெரிந்திருக்கும். முதல் ஆஸ்பத்திரிச் சீட்டில் "முதுகில் வெட்டுக்காயம், தையல் போடப்பட்டது" என்று ஒரே வரி. இந்த ஒரு வரிக்குப் பிறகு வருகிறேன்.

கழுவக் கத்துக்கொடுத்தது ஒரு உழவு நிலம்

காயத்தைக் கழுவித் திறந்தே விடணும் என்பதை மருத்துவ உலகத்துக்கு அழுத்தமாகச் சொன்னது ஒரு விவசாய பூமி என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1899லிருந்து 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பார்த்த காயங்கள் பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள். அது வறண்ட மேய்ச்சல் பூமி, உழவே பார்க்காத மண். மேலே சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டாலே நிறைய காயங்கள் ஆறின. சரி, இதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

1914ல் அதே முறையோடு பெல்ஜியம், வட பிரான்சுக்கு வந்தார்கள். ஃபிளாண்டர்ஸ் என்று சொல்லும் அந்தப் பகுதி பல நூறு வருசமாகக் குதிரைச் சாணமும் மாட்டுச் சாணமும் போட்டு உழுத, ஈரம் வற்றாத வளமான பூமி. நம்மளை மாதிரி ஆளுக்கு அது சொர்க்கம். வெடிகுண்டுச் சில்லு பட்டவனுக்கு அது எமன். சில்லு உடம்புக்குள் போகும்போது, சேறு அப்பின கம்பளிச் சட்டைத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மேலே தைத்து மூடினால் உள்ளே காற்று இல்லை. சாண மண்ணில் இருக்கும் கிருமிகளுக்கு வேண்டியதும் அதுதான், காற்று இல்லாத இடம். அந்த வருசம் அக்டோபரில் ஈப்ரஸ் பக்கத்துச் சேற்றில் இறக்கிவிடப்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அந்த மண்ணில்தான் அடிபட்டார்கள்.

ரெண்டு நோய் கொன்றது. ஒன்று, கேஸ் காங்கிரீன். சதைக்குள் கிருமி பெருகி வாயு உண்டாகி, வீங்கின இடத்தை அமுக்கினால் நறநறவென்று சத்தம் கேட்கும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். மழைக்காலத்தில் நல்ல வாட்டசாட்டமான இளங்கன்றுக்குத் தொடை வீங்கி, அமுக்கினால் நறநறக்கும் சப்பை நோய் வருமே, அந்தக் கிருமியும் இதுவும் ஒரே குடும்பம், கிளாஸ்ட்ரிடியம்.

இன்னொன்று ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அதுவும் அதே குடும்பம். 1884ல் நிக்கோலையர் என்ற ஜெர்மானியர் தோட்டத்து மண்ணை எடுத்துப் பிராணிகளுக்கு ஊசியால் ஏற்றி, அதிலிருந்தே ஜன்னி வருவதைக் காட்டினார். 1889ல் ஜப்பானைச் சேர்ந்த கிட்டசாட்டோ அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அடுத்த வருசமே அவரும் பெரிங்கும் சேர்ந்து, அதன் விஷத்தை முறிக்கும் சீரம் ரத்தத்தில் உண்டாவதைக் கண்டார்கள். பிறகு அந்தச் சீரத்தைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தார்கள். ஜன்னிக் கிருமி தாராளமாக இருப்பதும் குதிரைச் சாணத்தில்தான், மருந்து வந்ததும் குதிரையிடமிருந்துதான்.

1914 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையில் காயம்பட்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு ஜன்னி கண்டது. காயம்பட்ட எல்லோருக்கும் சீரம் ஊசி என்று ஆனதும் அந்த வருசம் முடிவதற்குள் அது ஆயிரத்துக்கு ரெண்டு பேருக்கும் கீழே இறங்கியது. இந்தக் கணக்கை உட்கார்ந்து தொகுத்தவர் டேவிட் புரூஸ். மாட்டுக்குக் கன்று வீசுற நோய் என்று நாம் பயப்படும் புரூசெல்லோசிஸ் இவர் பெயரில்தான் இருக்கிறது.

கேஸ் காங்கிரீனுக்கு இப்படி ஊசி கைகொடுக்கவில்லை. கத்தியும் தண்ணியும்தான் கைகொடுத்தது. பெல்ஜியத்தில் டி பான் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டலை ஆஸ்பத்திரி ஆக்கி நடத்தியவர் அந்துவான் டெபாஜ். அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்ட அமெரிக்கா போன அவர் மனைவி மேரி, திரும்பும்போது 1915 மே மாதம் லூசிட்டானியா கப்பலோடு மூழ்கிப்போனார். டெபாஜ் வேலையை விடவில்லை. அவர் முறை இதுதான். காயத்தை அகலமாகத் திற. செத்த சதை, துணி, மண், சில்லு எல்லாவற்றையும் வெட்டி எடு. தைக்காதே. சில நாள் திறந்தே வை. கிருமி குறைந்துவிட்டதா என்று மைக்ராஸ்கோப்பில் பார். குறைந்த பிறகு தை.

பிரான்சில் கொம்பியேன் என்ற ஊரில் அலெக்சிஸ் கேரலும் ஹென்றி டேக்கினும் இன்னொரு வழி கண்டார்கள். அரை சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை, சின்னச் சின்ன ரப்பர் குழாய் வழியாக ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காயத்துக்குள் பாய்ச்சினார்கள். சொட்டுநீர்ப் பாசனம் மாதிரியேதான். பூலோனில் இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், மேலே ஊற்றும் கிருமிநாசினி காயத்தின் சந்துபொந்துக்குள் போய்ச் சேர்வதில்லை என்று முள் முள்ளாக நீட்டிய கண்ணாடிக் குழாய் செய்து காட்டினார். 1928ல் பெனிசிலினைக் கண்டதும் இதே ஃபிளெமிங்தான்.

இன்றைக்கும் மண் பட்ட காயத்துக்கு அடிப்படை இதுதான். சுத்தமான ஓடுற தண்ணியில் நன்றாகக் கழுவணும். குடிக்கிற அளவுக்குச் சுத்தமான குழாய்த் தண்ணியே போதும். மஞ்சத்தூள், காப்பித்தூள், சாணம், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளை மட்டும் நாமே பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் ரத்தம் பீறிட்டு வரலாம். அழுக்குக் காயமென்றால் டாக்டர் உடனே தைக்காமல் நாலஞ்சு நாள் திறந்து வைத்துத் தைக்கலாம். "தையல் கூடப் போடாம அனுப்பிட்டாங்க"ன்னு கோவிச்சுக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லணும். ரெண்டாம் உலகப் போரில் தடுப்பூசி போட்ட அமெரிக்க ராணுவம் முழுவதிலும் ஜன்னி கண்டது 12 பேருக்குத்தான். மண்ணும் அதேதான், சாணமும் அதேதான். ஊசி மட்டும்தான் புதுசு.

முதுகுக் காயம் என்றால் இன்னும் மூணு கேள்வி. மூச்சு வாங்குதா? அப்படியானால் நுரையீரல் வரை போயிருக்கலாம். ஒண்ணுக்குப் போகும்போது ரத்தம் வருதா? சிறுநீரகத்தில் பட்டிருக்கலாம். கால் மரத்துப் போச்சா? தண்டுவடம். இதில் ஒன்று இருந்தாலும் சின்ன ஆஸ்பத்திரியில் நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

எழுதாத காயம் கணக்கில் வராது

இப்போது அந்த ஒரு வரிச் சீட்டுக்கு வருவோம்.

யார் எதனால் செத்தார்கள் என்று கணக்குப் பார்க்கிற வேலையை லண்டனில் 1662ல் ஜான் கிராண்ட் என்ற துணிக்கடைக்காரர் ஆரம்பித்துவைத்தார். வாராவாரம் அச்சாகும் சாவுப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்துப் புத்தகம் போட்டார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தால் கணக்கு எப்படிச் சேரும் என்று பொதுவான பட்டியல் கேட்டார். 1893ல் சிகாகோவில் கூடிய புள்ளியியல் அறிஞர்கள் முன்னால், பாரீஸைச் சேர்ந்த ழாக் பெர்ட்டியோன் வைத்த பட்டியல்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் ஐசிடி என்ற நோய்க்குறியீட்டுப் பட்டியலுக்குத் தாய்.

ஆனால் அது முக்கியமாகச் சாவுக்கான பட்டியல். முதுகு கிழிந்து, மூணு மாசம் வேலைக்குப் போகாமல் படுத்திருந்து பிழைத்து எழுந்தவன் அதில் வரமாட்டான். 1948ல் உலக சுகாதார நிறுவனம் ஆறாவது பதிப்பைக் கையில் எடுத்தபோதுதான் சாகாத நோய்களுக்கும் காயங்களுக்கும் முறையாக இடம் கிடைத்தது. அதிலேயே ஒரு அருமையான ஏற்பாடும் வந்தது. காயத்துக்கு ரெண்டு குறியீடு. என்ன காயம் என்பதற்கு ஒன்று, எதனால் ஆச்சு என்பதற்கு இன்னொன்று.

பத்தாவது பதிப்பை அமெரிக்க ஆஸ்பத்திரிகள் விரித்து வைத்திருக்கும் முறையைப் பாருங்க. நம்ம ஊர்க்காரர் காயம், இடது மேல்முதுகு என்று வைத்துக்கொண்டால், எஸ்21.222ஏ. எஸ் என்றால் காயம். 21 என்றால் நெஞ்சுக்கூட்டின் திறந்த காயம். புள்ளிக்கு அடுத்த 2, பின்பக்கச் சுவர், உள்ளே நெஞ்சறை வரை போகவில்லை. அடுத்த 2, கிழிந்த காயம், உள்ளே வெளிப்பொருள் தங்கியிருக்கிறது. தங்கவில்லை என்றால் அங்கே 1. மூணாவது 2, இடது பக்கம். வலது என்றால் 1. ஏ என்றால் இப்போதுதான் வைத்தியம் நடக்கிறது. ஆறிவரும்போது பார்க்க வந்தால் அது டி ஆகிவிடும். நெஞ்சறைக்குள் போயிருந்தால் எஸ்21.4 வரிசை. இடுப்புப் பக்கம் என்றால் எஸ்31.0 வரிசை.

குறியீடு போடுகிறவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. டாக்டர் எழுதினதை மட்டும்தான் பார்க்கிறார். மண் இருந்தது என்று டாக்டர் எழுதாவிட்டால் இவர் ஊகித்துப் போடக் கூடாது. ஆக, அந்த ஒரு குறியீட்டை முழுசாக எழுதணும் என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று யாராவது ஒருத்தர் பார்த்தே ஆகணும். கார்ஃபீல்டு முதுகில் பார்க்காமல் விட்டது எந்தப் பக்கம், எங்க ஊர்க்காரர் முதுகில் பார்க்காமல் விட்டது உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பது. எழுதுறது வெறும் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறோம். எழுதணும் என்ற கட்டாயம் இருந்தால்தான் பார்க்கவே பார்ப்பார்கள்.

ரெண்டாவது குறியீடு நமக்கு இன்னும் முக்கியம். விவசாய மெஷினால் அடிபட்டால் டபிள்யூ30. டிராக்டர் மாதிரி விவசாய வண்டியில் ஏறிப் போகும்போது விபத்து என்றால் வி84. மாடு முட்டினால் டபிள்யூ55, அமெரிக்கப் பதிப்பில் மாட்டுக்கென்றே தனி எண் இருக்கிறது. நடந்த இடம் பண்ணை என்றால் அதற்கும் ஒய்92.7 என்று இருக்கிறது. இதையெல்லாம் எழுதுகிற நாட்டில், எந்த மெஷினுக்கு மூடி போடணும், எந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று கணக்கைக் காட்டிச் சண்டை போட முடியும்.

நம்ம பக்கம் சீட்டில் வருவது "வெட்டுக்காயம்". கதிரடிக்கிற மெஷின் இழுத்ததும் வெட்டுக்காயம், ரொட்டவேட்டர் கத்தி தெறித்ததும் வெட்டுக்காயம், டிரெய்லரிலிருந்து விழுந்ததும் வெட்டுக்காயம். ஃபாக்டரியில் அடிபட்டால் எழுதிவைக்க ஒரு பதிவேடு உண்டு. காட்டில் அடிபட்டால் அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. எங்க ஊர்க்காரர் இன்சூரன்ஸ் கேட்டுப் போனபோது, வேலை செய்யும்போது பட்ட காயம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை. ரெண்டாவது ஆஸ்பத்திரிச் சீட்டில் "முள்ளும் கல்லும் அகற்றப்பட்டது" என்று இருந்தது. எப்படி உள்ளே போச்சு என்று அதிலும் இல்லை. கூலிக்குப் போகிற மனுசனுக்கு மூணு மாச வருமானம் அந்த எழுதாத அரை வரியில் போய்விட்டது.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் சீட்டை வாங்கிப் படிங்க. படிக்கத் தெரியாதவர் என்றால் கூடப் போனவர் படிக்கணும். காயம் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் ஆழம் என்று இருக்கிறதா. உள்ளே என்ன இருந்தது, எடுத்தாச்சா என்று இருக்கிறதா. எங்கே, எந்த வேலையில், எதனால் பட்டது என்று இருக்கிறதா. டெட்டனஸ் ஊசி போட்ட தேதி இருக்கிறதா. இல்லையென்றால் அங்கேயே மரியாதையாகக் கேட்டு எழுதி வாங்குங்க. பெரும்பாலான டாக்டர்கள் கேட்டால் எழுதித்தான் தருவார்கள். அந்தக் குறியீட்டு எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது. சீட்டைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க, மழையில் நனைந்தாலும் இருக்கும்.

அடுத்த மாசம் கதிரடிப்பு ஆரம்பம். மெஷின்காரர் வந்ததும் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்க.